உலாவியின் குற்றமா, எழுத்தின் குற்றமா?

ஸ்காபரோவின் தொடர்மாடிகளிலிருந்து மார்க்கத்துக்கும், அங்கிருந்து இன்னும் வடக்கே ஸ்ரௌவ்வில்லுக்கும் நகர்ந்துவந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் பிரிக்கப்படாமலே கூடவந்த மட்டைப்பெட்டி ஒன்றைப் போன மாரியில் திறந்தேன். பிரான்சில் காலமான நண்பர் ஒருவர் 1999இல் எனக்கு அனுப்பிய இறுவட்டு அதற்குள் கிடந்தது. அதில் அவருடைய பதினேழு கட்டுரைகள் இணையப் பக்கங்களாக இருந்தன. அரைவாசி எந்தச் சஞ்சிகையிலும் அச்சேறாதவை.

மகள் இறுவட்டை வாசிக்கும் கருவி ஒன்றைக் கணனியில் பூட்டி, முதற் கட்டுரையை உலாவியில் திறந்தாள். தமிழ் ஓரிடத்திலும் இல்லை. ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அர்த்தமில்லாமல் வரிவரியாக ஓடின. நடுவில் ஆண்டுகள் மட்டும் தப்பி நின்றன: 1983, 1987, 1995.

"அப்பா, பிரவுசர் பழுதாப் போச்சுது போல" என்றாள்.

பழுதென்றால் எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். சேமிப்பகத்தைத் துடைத்தாள், நீட்சிகளை நிறுத்தினாள், தனிச் சாளரத்தில் திறந்தாள், கடைசியில் வேறோர் உலாவியிலும் பார்த்தாள். இவை பிழையான வைத்தியங்கள் அல்ல. பக்கம் பழைய தோற்றத்திலேயே நின்றாலோ பாதியில் முறிந்தாலோ, சேமிப்பகத்தில் தேங்கிய பழைய பிரதியும் இடையில் புகுந்த நீட்சியுமே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆனால் இரண்டு உலாவிகள் ஒரே பிழையை எழுத்துக்கு எழுத்து காட்டினால், பிழை உலாவியில் இல்லை என்பதே முடிவு. அவளும் அந்த முடிவுக்குத்தான் வந்தாள். "ஃபைல்தான் பழுது. அழிச்சுவிடட்டோ?"

மறிக்கக் காரணமாக இருந்தது என் விரல்கள்தான். திரையில் திரும்பத்திரும்ப ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஒரு கூட்டம் வந்துகொண்டிருந்தது. அந்த வரிசையை என் விரல்கள் ஆயிரம் முறை அடித்திருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் அது. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றால் 'அம்மா'.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். பாமினியில் நாம் எழுதியபோது கணனி தமிழைச் சேமிக்கவில்லை. அது ஆங்கில எழுத்தின் எண்களையே சேமித்தது. அவற்றின்மேல் தமிழ் உருவம் போர்த்தியது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணனியில் போர்வை நழுவுகிறது. எண் மட்டும் மிஞ்சுகிறது. உலாவி தனக்குச் சொல்லப்பட்டதை ஒழுங்காகவே செய்கிறது.

எல்லாக் கிறுக்கலும் ஒன்றல்ல. நோயை அறிய அதன் தோற்றத்தைப் பார்த்தால் போதும். வெறும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் அரைப்புள்ளியும் நிறைந்திருந்தால் பாமினி அல்லது அதன் உறவுமுறை. ஆங்கிலச் சொற்கள் வாசிக்கக்கூடியதாக நிற்க, மற்றவை மேலே புள்ளியும் கோடும் கொண்ட ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால், அது திஸ்கியாகவோ 'தாப்' ஆகவோ இருக்கலாம். தலைக்குமேல் சாய்கோடு கொண்ட 'ஏ'யும், பக்கத்தில் வட்டத்துக்குள் 'ஆர்' என்ற வணிகக்குறியும் அடுத்தடுத்து வந்தால் அது நல்ல யூனிக்கோட் தமிழ். குறியீடு மட்டும் தவறாக வாசிக்கப்படுகிறது. ஃபயர்ஃபொக்ஸில் 2021 முதல் உள்ள, எழுத்துக் குறியீட்டைச் சீர்செய்யும் கட்டளை இந்தக் கடைசி வகைக்கு உதவலாம். பாமினிக்கு அது உதவாது. உலாவியின் கண்ணுக்கு அது குறையற்ற ஆங்கிலம்.

இத்தனை குறியீடுகள் ஏன் வந்தன? தமிழுக்கு யூனிக்கோட்டில் 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணனிகள் அதைக் காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000, எக்ஸ்பி ஆகியவற்றின் பின்னர்தான். இடைப்பட்ட பத்தாண்டில் எவரும் காத்திருக்கவில்லை. நா. கோவிந்தசாமி 1995இல் சிங்கப்பூரிலிருந்து தமிழை இணையத்தில் ஏற்றினார். பல நாடுகளிலிருந்த ஆர்வலர்கள் மின்னஞ்சலில் விவாதித்துத் திஸ்கியை உருவாக்கினார்கள். 1999இல் சென்னை மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு 'தாம்', 'தாப்' குறியீடுகளை ஏற்றது. நாங்கள், ஈழத்தவர், பெரும்பாலும் பாமினியுடன் நின்றோம். சில தளங்கள் எழுத்துருவைப் பக்கத்தோடு தானாக இறங்கச் செய்தன. அதற்குப் பயன்பட்ட ஒரு முறை இன்ரநெற் எக்ஸ்புளோரரில் மட்டுமே இயங்கியது. அந்த உலாவியோ 2022 யூன் மாதத்தில் ஓய்வுபெற்றுவிட்டது.

இனி வைத்தியம். முதலில் மூலக்கோப்பைப் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். அதில் கைவைக்க வேண்டாம். பின்னர் பக்கத்தின் நிரலைத் திறந்து பாருங்கள். எழுத்துருவின் பெயர் பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். அந்த எழுத்துருவைக் கணனியில் நிறுவினால் பாமினிப் பக்கம் அப்படியே உயிர்பெறும். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. ஆனால் அது பாதி வைத்தியமே. அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட முடியாது. எழுத்துரு இல்லாத இன்னொருவருக்கு அனுப்பவும் முடியாது. ஆகவே யூனிக்கோட்டுக்கு மாற்ற வேண்டும். சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதற்கென்றே எழுதப்பட்டவை.

மாற்றியபின் மனிதக் கண் அவசியம். பாமினியில் காற்புள்ளிச் சாவியில் இருப்பது 'இ'. அதனால் மாற்றப்பட்ட பிரதிகளில் காற்புள்ளி வரவேண்டிய இடங்களில் 'இ' வந்து குந்தியிருப்பதைக் காணலாம். இடையில் வந்த ஆங்கிலப் பெயர்களும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். இவற்றை வாசித்துத்தான் திருத்தலாம்.

நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். யூனிக்கோட் வந்தபிறகு இதெல்லாம் பழங்கதை, முக்கியமானவை அச்சில் உண்டு, நூலகம் திட்டம் 2005 முதல் அவற்றை மின்வடிவில் சேர்த்து வருகிறது என்றார்கள். அச்சில் வந்தவற்றைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் அச்சுக்குப் போகாமலே இணையத்தில் எழுதியவர்கள் எத்தனை பேர்? இயக்கங்களுக்கு அஞ்சியோ, காசில்லாமலோ, பதிப்பாளர் கிடைக்காமலோ அப்படி எழுதியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். மாற்றுக் கருத்துக்கு அன்று இருந்த இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே எழுதப்பட்டவை போனால், அந்த விவாதத்தின் ஒரு பக்கமே போய்விடும்.

1981இல் யாழ் நூலகத்துக்குத் தீ வைத்தவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம்; பேசவும் வேண்டும். ஆனால் இங்கே தீ வைக்க எவரும் வரத் தேவையில்லை. நம்மில் அன்புள்ள ஒரு பிள்ளை, வீட்டைத் துப்புரவாக்கும் நல்லெண்ணத்தோடு, அழி என்ற பொத்தானை அமுக்கினால் போதும்.

பதினேழில் ஏழு கட்டுரைகளை இதுவரை திருத்தியிருக்கிறேன். இரண்டில் நண்பருடைய கருத்து எனக்கு இன்றும் உடன்பாடில்லை. அவற்றையும் ஒரு சொல் மாற்றாமல்தான் திருத்தினேன். திரையில் அந்த எழுத்துக் கூட்டத்தைக் கண்டதும் இது பாமினி என்று அறியக்கூடிய விரல்கள் உள்ளவர்களுக்கு இப்போது ஐம்பதும் அறுபதும் வயது. உங்கள் நிலவறையிலும் இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். இந்த மாரி முடியுமுன் அதைத் திறந்துபாருங்கள்.