கணவாய்க்கு இரண்டு சாவு

பிடிபட்டுச் சற்று நேரமே ஆன கணவாயின் தோலை உற்றுப் பாருங்கள். உயிர் போன பிறகும் அதில் பழுப்புப் புள்ளிகள் விரிந்து சுருங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் நிறமி அடைத்த ஒரு நுண்பை. சுற்றியுள்ள தசைகள் இழுத்தால் பை விரிந்து நிறம் தெரியும். தளர்ந்தால் சுருங்கி மறையும். உயிருள்ள கணவாயில் இந்தத் தசைகளை மூளையிலிருந்து வரும் நரம்புகளே நேராக ஆட்டுவிக்கின்றன. அதனால்தான் மணலின் நிறத்திலிருந்து பாசியின் நிறத்துக்கு ஒரு நொடிக்குள் அது மாறிவிடுகிறது. இத்தனைக்கும் அதன் கண்ணில் ஒளியை வாங்கும் நிறமி ஒரே வகைதான். நிறங்களைப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

மூன்று இதயங்கள், செம்பு கலந்த நீல ரத்தம், எட்டுக் கைகள், இரையைக் கண்டால் மட்டும் பாய்ந்து வெளிவரும் இரண்டு நீள்கைகள். கிளிக்கூண்டில் செருகுகிறோமே, நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கொடுக்கிறார்களே, அது கணவாயின் உள்ளோடு. அறை அறையாக அடுக்கிய அந்தச் சுண்ணாம்பு ஓட்டுக்குள் திரவத்தைக் கூட்டியும் குறைத்தும்தான் கணவாய் தண்ணீரில் மிதப்பதும் தாழ்வதும்.

இதைக் குழம்புச் சட்டியில் பார்த்தே பழகியவர்கள் நாம். வெளிநாடுகளில் சிலர் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிறார்கள். மும்பையை அடுத்த கல்யாணில் ஒரு ஃபிளாட்டில் அதைச் செய்ய நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கணவாயை வளர்ப்பவர் அதைச் சீக்கிரமே இழப்பார், அது உறுதி. ஆனால் அந்த இழப்பு இரண்டு வகை. ஒன்று தண்ணீரால் வருவது. மற்றது அதன் உடம்புக்குள்ளேயே காத்திருப்பது. முன்னதைத் தடுக்கலாம், பின்னதைத் தடுக்க முடியாது.

விழிஞ்ஞத்தில் வளர்ந்தவை

நம் கரைகளில் ஏராளமாகப் பிடிபடும் பெரிய ஓட்டுக் கணவாயின் பெயர் செப்பியா ஃபாரோனிஸ். திருவனந்தபுரத்தை அடுத்த விழிஞ்ஞத்தில், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் கடலிலிருந்து எடுத்த முட்டைகளைப் பொரிக்கவிட்டு, குஞ்சுகளைப் பெரிதாகும் வரை வளர்த்தார்கள். அந்த ஆய்வு 2005இல் வெளியானது. ஏழரை மாதத்தில் அவற்றின் சராசரி எடை அரைக் கிலோவைத் தாண்டியிருந்தது. ஒரு கன்றுக்குட்டிகூட இந்த விகிதத்தில் பெருப்பதில்லை.

முட்டையிலிருந்து வெளிவருவது முழு உருவம் கொண்ட குட்டிக் கணவாய். அதற்குப் புழுப் பருவம் கிடையாது. வந்ததுமே வேட்டைதான். அசைகிற இரையை மட்டுமே தின்னும், அதனால் மைசிட் போன்ற பொடி இறால்களை உயிரோடு கொடுக்க வேண்டும். செத்த இறாலுக்குப் பழக்குவது அதற்குப் பிறகு, மெல்ல மெல்ல. ஐரோப்பியக் கணவாயில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் விசித்திரமானது. முட்டைக்குள் இருக்கும்போதே உறை வழியாக நண்டுகளைப் பார்த்த குஞ்சுகள், பொரித்த பின் நண்டையே தேடிப் போயின.

ஃபாரோனிஸ் 40 செ.மீ. வரை வளரும். வீட்டுத் தொட்டிக்கு அது ஆகாது. வளர்ப்பவர்கள் நாடுவது இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் கடல்களின் குட்டையான செப்பியா பேண்டென்சிஸ் இனத்தை. அதன் உடல் ஏழு செ.மீ. அளவோடு நின்றுவிடும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு ஆக்சலின் ஆய்வகம் 2023இல் மூளை வரைபடம் தயாரித்தது இந்த இனத்துக்குத்தான்.

தண்ணீர் கொல்லும் விதங்கள்

மும்பை மெரீன் டிரைவில் 1951இல் திறந்த தாராபோர்வாலா மீன் காட்சியகத்துக்கு எதிரிலேயே கடல். சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து 50 கி.மீ.க்கு மேல் உள்ளே இருக்கும் கல்யாணுக்கு வாய்த்தது உல்லாஸ் ஆற்றின் உவர்க்கழிதான். தொழிற்சாலைக் கழிவு கலந்த அந்த நீர் உதவாது. ஆகவே கடலை வீட்டிலேயே கலக்க வேண்டும். குளோரின் நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கடலுப்புக் கலவை என்றால், 200 லிட்டர் தொட்டிக்கு 7 கிலோ. வாரம் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால், அதற்கு மட்டும் வாராவாரம் 1.4 கிலோ.

அடுத்தது அம்மோனியா. புரதத்தையே தின்று இவ்வளவு வேகமாக வளரும் விலங்கு அம்மோனியாவையும் அதே வேகத்தில் கழிக்கும். கடல்நீரின் காரத்தன்மை அந்த அம்மோனியாவின் நச்சை இன்னும் கூட்டுகிறது. அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரிலும் கற்களிலும் குடியேறப் பல வாரங்கள் ஆகும். தொட்டி வாங்கிய வாரமே கணவாயை விட்டால் சாவு நிச்சயம்.

மூன்றாவது செம்பு. கணவாயின் ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதே செம்புதான். ஆனால் தண்ணீரில் கரைந்த செம்பு சிறிதளவு இருந்தாலும் அதைக் கொன்றுவிடும். கடல்மீன்களுக்கு வரும் வெள்ளைப்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து ஊற்றுவது வழக்கம். அந்த மருந்து கல்லிலும் தொட்டியின் சிலிக்கோனிலும் ஊறிப்போய்ப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய தொட்டி வாங்குபவர் இதை மறக்கக் கூடாது.

பயந்தால் கணவாய் மை கக்கும். கடலில் அது தப்பிக்க உதவும் புகைத்திரை. தொட்டியில் அதே மை தங்கிச் செவுளை அடைக்கிறது; கரி ஃபில்டரும் உடனடித் தண்ணீர் மாற்றமும் வேண்டும். பயத்தில் பின்னோக்கிப் பாய்ந்தால் வால்முனை கண்ணாடியில் மோதித் தோல் உரியும். செதில் இல்லாத உடம்பில் அந்தக் காயம் எளிதில் அழுகும். விளக்கைச் சட்டென்று போடுவதும் கண்ணாடியைத் தட்டுவதும் இதற்குப் போதுமான காரணங்கள்.

மே மாதத்தில் கல்யாணில் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. குட்டைக் கணவாய்க்கு ஏற்றது 25 டிகிரியை ஒட்டிய தண்ணீர். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு. சூட்டில் கணவாய்க்கு ஆக்சிஜன் தேவையோ கூடுதல். சில்லரும் மின்வெட்டுக்கு ஈடுகொடுக்கும் பேட்டரி ஏர் பம்பும் இல்லாமல் கோடையைத் தாண்ட முடியாது.

எண்ணத் தெரியும், பொறுக்கத் தெரியும்

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்பவருக்கு ஆய்வகங்கள் பதில் சொல்கின்றன. தைவானின் தேசிய சிங் ஹுவா பல்கலைக்கழகத்தில் ஒரு மாத வயது ஃபாரோனிஸ் குஞ்சுகள் முன் இறால்களை வைத்தார்கள். நான்குக்கும் ஐந்துக்கும் வித்தியாசம் கண்டு, ஐந்தை நோக்கிப் போயின. பசியில் இருந்தால் ஒரு பெரிய இறால். வயிறு நிறைந்திருந்தால் இரண்டு சிறிய இறால். இது 2016இல் வெளியானது. அமெரிக்காவின் வூட்ஸ் ஹோலில் அலெக்சாண்ட்ரா ஷ்னெல் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், பிடித்த இரை பின்னால் கிடைக்கும் என்று தெரிந்த கணவாய்கள் கைக்கெட்டிய சாதாரண இரையைத் தொடாமல் 50 முதல் 130 நொடி வரை காத்திருந்தன.

இப்படியொரு மூளை, வளர்ப்பவரின் முகத்தைக் கண்டதும் தொட்டியின் முன்பக்கம் வந்து நிற்கப் பழகிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்று அதற்குத் தெரியும்.

உள்ளே காத்திருக்கும் முடிவு

தண்ணீரை எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் குட்டைக் கணவாய் ஏறக்குறைய ஓராண்டுக்குள் முடிந்துவிடும். பெரிய இனங்களுக்கே ஒன்று, இரண்டு ஆண்டுதான். இணை சேர்வதும் முட்டையிடுவதும் முடிந்தால் ஆணும் பெண்ணும் சாப்பாட்டை விடும். தோலில் வெண்திட்டுகள் வரும், கண் மங்கும், இரையைக் குறி பார்த்துப் பிடிக்க வராது.

இதை நடத்துவது எது? உறவினமான பேய்க்கணவாயில், அதாவது ஆக்டோபஸில், கண்களுக்கு அருகே மூளையை ஒட்டி ஒரு சிறு சுரப்பி உண்டு. ஜெரோம் வோடின்ஸ்கி 1977இல் முட்டையிட்ட ஆக்டோபஸ்களின் அந்தச் சுரப்பியை அகற்றினார். அடைகாப்பதை விட்டுவிட்டு அவை மறுபடி சாப்பிட்டன, நெடுநாள் வாழவும் செய்தன. முதுமை தேய்மானத்தால் மட்டும் வருவதில்லை, உடம்பே உத்தரவிட்டு வரவழைப்பதும் உண்டு என்பதற்கு இது சாட்சி. கணவாய்க்கும் இதே சுரப்பி இருக்கிறது.

இவ்வளவு அறிவுள்ள விலங்குக்கு ஏன் இவ்வளவு குறைந்த ஆயுள்? ஒரு விளக்கம் இது: இவற்றின் முன்னோர் மேலோட்டுக்குள் பத்திரமாக இருந்தவை. அந்தக் கவசம் போனதும் எல்லா வாய்களுக்கும் இரையாயின. தப்பிக்க மூளையும் மாறும் தோலும் வளர்ந்தன. ஆனால் எப்படியும் சீக்கிரம் தின்னப்படப் போகிற உடம்பை நீண்ட காலத்துக்குப் பேணுவதில் இயற்கைத் தேர்வுக்கு ஆதாயம் இல்லை. மேலோட்டை விடாத உறவினமான நாட்டிலஸ் இருபது ஆண்டு வரை வாழ்கிறது.

ஷ்னெல் 2021இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு வளர்ப்பவர் மனதில் இருக்க வேண்டியது. 10 முதல் 12 மாத இளங்கணவாய்களையும் 22 முதல் 24 மாதக் கிழங்களையும் ஒப்பிட்டார்கள். என்ன தின்றோம், எங்கே, எப்போது என்பதை நினைவில் வைப்பதில் கிழங்கள் சற்றும் பின்தங்கவில்லை. தசை தளர்ந்த பிறகும் கடைசிச் சில நாட்கள் வரை நினைவு அப்படியே இருக்கிறது.

ஆகவே கணவாய் செத்தால் முதலில் நோட்டைப் புரட்டுங்கள். வாங்கிய தேதி, உப்பளவு, அம்மோனியா, வெப்பநிலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். நான்கு மாதத்தில் செத்திருந்து அம்மோனியா ஏறியிருந்தால் தொட்டியைத் திருத்துங்கள். திருத்தும் வரை அடுத்ததை வாங்காதீர்கள். பத்து மாதம் தாண்டி, எண்களும் சரியாக இருந்தால் திருத்த ஒன்றுமில்லை. பெண் விட்டுப்போன முட்டைகள் இருந்தால் அவற்றைத் தனித் தொட்டிக்கு மாற்றி, பொடி இறாலுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கொரு முறை இழக்க மனம் ஒப்பாதவர்கள், பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடிய கோமாளி மீனை வாங்குவது நல்லது.