ஒரு வாளி மணல்

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கோலாலம்பூரை அடுத்த பத்துமலைத் திருத்தலத்துக்குக் கும்பாபிஷேகம் நிகழ்வதற்கு முன், திருப்பணி வேலைகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலத்தில், மலையடிவாரத்தில் மணலையும் செங்கல்லையும் குவித்து வைத்து, மேலே செல்வோர் தம்மால் இயன்ற அளவு சுமந்து சென்று உதவ வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். பக்தர்கள் மகிழ்ச்சியோடு சுமந்தார்கள், அதில் வியப்பில்லை. ஆனால் புகைப்படக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, 42.7 மீட்டர் உயரத்தில் பொன்வண்ணமாய் நிற்கும் முருகன் சிலையையும் படிக்கட்டுக் குரங்குகளையும் படம் பிடித்துக்கொண்டு போக வந்த பிறநாட்டுப் பிரயாணிகள் பலரும் ஆளுக்கொரு வாளியை எடுத்துக்கொண்டதுதான் என் மனத்தில் நிலைத்துவிட்டது. நான் கண்ட ஒரு வெள்ளைக்கார இளைஞர், 272 படிகளை ஏறி முடிப்பதற்குள் நான்கைந்து இடங்களில் வாளியை இறக்கி வைத்து, கம்பிப் பிடி பதிந்து சிவந்துபோன விரல்களை உதறிவிட்டுக் கை மாற்றிக்கொண்டார். பக்கத்திலே முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறி வந்த கிழவியம்மாள் ஒருவர், “மெதுவா ஏறு தம்பி, அவசரமில்ல” என்று தமிழிலேயே சொன்னார். அந்த இளைஞரும் புரிந்துகொண்டவர் போலத் தலையசைத்துச் சற்று நின்றார். மேலே போய் மணலைக் கொட்டிவிட்டுத் திரும்பிய அவர், அந்தக் குகைக்கோயிலுக்குத் தாமும் ஒரு பிடி மண் கொடுத்தவர் என்ற உரிமையோடு சந்நிதியைப் பார்த்தார்.

அன்று முதல், ஊர் பார்க்க வரும் உறவினருக்கு நான் வழிகாட்டும் முறையே மாறிப்போயிற்று.

கிள்ளான் பள்ளத்தாக்கு என்று நாங்கள் பொதுப்பெயரிட்டு அழைக்கும் இந்தப் பிரதேசம், கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடுமிடத்தில் கோலாலம்பூராகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம், கிள்ளான் என்று ஆற்றின் போக்கிலேயே இறங்கி, துறைமுகத்தில் மலாக்கா நீரிணையைத் தொடுகின்ற ஒரே நீண்ட மாநகரமாக இன்று வளர்ந்து நிற்கிறது. நான் குடியிருக்கும் ஷா ஆலம் இவற்றுள் இளையது. சுங்கை ரெங்கம் என்ற பெயரில் இரப்பரும் செம்பனையும் வளர்ந்த தோட்டக்காடாயிருந்து, 1978-இல் சிலாங்கூர் மாநிலத்தின் தலைநகராயிற்று. பால்மரம் சீவிய நம்மவர்களின் லயங்கள் மறைந்துவிட்டன. எனினும் செக்‌ஷன் 7-இல் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1988-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் சலாஹுடின் அப்துல் அஜீஸ் பள்ளிவாசலின் நீலக் குவிமாடமும், 142 மீட்டர் உயரமுள்ள நான்கு மினாராக்களும் எங்கள் ஊருக்கு அடையாளம். பிற மதத்தினர் உள்ளே செல்ல அங்கி கொடுத்து, அன்போடு அழைத்துச் செல்கிறார்கள். வெயில் ஏறுமுன் காலையில் போவது நல்லது.

ஊரிலிருந்து வருகிறவர்கள் நான்கைந்து நாளில் இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் மலை, கடைத்தெரு என்று ஓடிப் பார்த்துவிட்டுக் களைப்போடு திரும்புகிறார்கள். அவர்கள் பார்த்தது பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆயினும் அந்த நாட்களில் ஒரே ஒரு முற்பகலையேனும் இவ்வூராருக்கு ஏதாவதொரு வகையில் உபகாரமாக இருப்பதற்கென்று ஒதுக்கி வைப்பவருக்கு, இங்குள்ள மனிதர்கள் எதிலே கஷ்டப்படுகிறார்கள், ஒருவருக்கொருவர் எப்படித் துணை நிற்கிறார்கள் என்பது தெரியவருகிறது. அதைக் காணாமல் ஊரைக் கண்டதாகச் சொல்வது அரைகுறைத் தரிசனமே என்பது என் அபிப்பிராயம்.

பிரிக்ஃபீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். 1881-இல் முதலில் தீயும் பிறகு வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் அத்தாப்புக் குடிசைகளையும் அழித்த பின், செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டடம் கட்ட வேண்டுமென்ற கட்டளை பிறந்தது. அதற்கான சூளைகள் எரிந்த இடமாதலால் இப்பேட்டைக்கு அந்தப் பெயர். பின்னர் ரயில்வே வந்தது. அதில் உத்தியோகம் பார்க்க யாழ்ப்பாணத் தமிழர் வந்தனர். கந்தசுவாமி கோயில் எழுந்தது. 1904-இல் விவேகானந்த ஆசிரமம் நிறுவப்பட்டது. இன்று துன் சம்பந்தன் சாலை என்று வழங்கும் பிரதான வீதியில் மல்லிகைச் சரமும் ஜவுளியும் வடையும் வாங்கிக்கொண்டு, தோரண வளைவின் முன் படமெடுத்துக்கொண்டு போகிறவர்களின் காலடியிலேயே, நடைபாதையில் மஞ்சள் நிறத்தில் மேடுபள்ளமான ஓடுகள் பதித்த ஒரு கோடு ஓடுகிறது. பலரும் அதன்மேல் நின்றுகொண்டுதான் பேசிக்கொண்டிருப்பார்கள். அது பார்வையற்றோர் கைத்தடியால் தடவிக்கொண்டு நடக்கும் பாதை. 1951-இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் இங்கே இருப்பதால், அங்கே பயிற்சி பெற்றவர்களும் உடம்பு பிடித்துவிடும் நிலையங்களில் வேலை செய்கிறவர்களுமாகப் பார்வையற்றோர் பலர் இப்பேட்டையில் நடமாடுகிறார்கள்.

அவர்களுக்குச் சாலையைக் கடக்கத் துணை செய்வது எளிய காரியம் என்று நினைத்திருந்த எனக்கு, நான் பிடித்திழுத்துக்கொண்டு போன பெரியவர் ஒருவரே முறையைக் கற்றுக்கொடுத்தார். “நீங்க என்னைப் பிடிக்காதீங்க, ஐயா, நான் உங்களைப் பிடிச்சுக்கிறேன்” என்று சொல்லி, என் முழங்கைக்குச் சற்று மேலே தம் விரல்களை மெல்ல வைத்து, அரையடி பின்தங்கி நடந்தார். நான் படி இறங்கும்போது என் கை தாழ்வதை உணர்ந்து அவரும் இறங்கினார். நான் நின்றால் நின்றார். வழிநடத்துகிறேன் என்று கையைப் பற்றி முன்னே தள்ளினால், அவருக்குத் தரை எங்கே தாழ்கிறது என்று தெரியாமல் போய்விடுமல்லவா? பிறருக்கு உதவ விரும்புகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது எது என்பதை, ஆயிரம் பிரசங்கங்கள் கேட்டும் அறியாத நான் அந்த அறுபது அடித் தூரத்தில் அறிந்துகொண்டேன். வாசித்துக் காட்டவும், வெளியே அழைத்துப் போகவும், விழாக்களில் உடனிருக்கவும் இத்தகைய சங்கங்களுக்குத் தொண்டர்கள் எப்போதும் தேவை. முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போவதே மரியாதை.

அதே பேட்டையில், சுவாமி சாந்தானந்த சரஸ்வதியின் வழிகாட்டலில் 1981-இல் தோன்றிய டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், நடனமும் சங்கீதமும் கற்பிக்கிறது. அதைச் சேர்ந்தோர் நடத்தும் அன்னலட்சுமி உணவகம், வேண்டியதை உண்டு மனம்போல் கொடுத்துவிட்டுப் போகலாம் என்ற தர்மத்தில் பிறந்தது. அங்கே சமைப்பவரிலும் பரிமாறுபவரிலும் பலர் வேறு உத்தியோகத்திலிருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் வந்து கைகொடுப்பவர்கள். பரிமாறிய கையே தட்டையும் எடுக்கிறது. கோலாலம்பூர் தேசிய அருங்காட்சியகத்தில், சம்பளமின்றி, பயிற்சி பெற்ற தொண்டர்களே பல மொழிகளில் காட்சிக்கூடங்களைச் சுற்றிக் காட்டி விளக்குகிறார்கள். அவர்களுள் இந்நாட்டில் சில ஆண்டுகள் தங்க வந்த பிறநாட்டாரும் உண்டு. வந்த ஊரின் சரித்திரத்தைத் தாமே கற்று, அடுத்து வருகிறவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தமானது.

இரவில் வீதியோரம் படுத்திருப்போருக்கு உணவு வழங்கும் தொண்டமைப்புகளும் தலைநகரில் பல ஆண்டுகளாக இயங்குகின்றன. 2014-இல், நகர மையத்திலிருந்து 2 கிலோமீட்டருக்குள் இப்படி அன்னம் வழங்கலாகாது என்ற யோசனை அரசுத் தரப்பிலிருந்து வந்தபோது, பொதுமக்களிடையே எழுந்த கண்டனம் நினைவிருக்கலாம். பசித்தவன் கண்ணில் படாமலிருப்பது நகரத்துக்கு அழகென்று நான் ஒருகாலும் ஒப்பமாட்டேன்.

கடற்கரைப் பக்கம் போனால் காட்சி வேறு. கிள்ளானுக்கு வடக்கே கோலசிலாங்கூரில், 1987 முதல் மலேசிய இயற்கைக் கழகத்தார் பராமரித்து வந்த இயற்கைப் பூங்காவில் அலையாத்திக் காடுகள் உள்ளன. அருகே கம்போங் குவாந்தானில், அமாவாசையை ஒட்டிய இரவுகளில் படகேறிப் போனால், ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் ஆயிரக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி மின்னி அடங்குவதைக் காணலாம். இரவில் அதைப் பார்க்க வருகிறவர்கள், பகலில் கண்டல் நாற்று நடும் தொண்டர்களோடு சேறு மிதித்துவிட்டு வந்தால், அந்த ஒளியின் அருமை இன்னும் விளங்கும். கண்டலின் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, பச்சை முருங்கைக்காய் போல நீண்டு, கீழே விழத் தயாராகிறது. நடுகிறவர் செய்ய வேண்டியதெல்லாம், முழங்கால் வரை புதையும் சேற்றில் நின்று, கூரான நுனி கீழே இருக்கும்படி அதைச் செங்குத்தாக அழுத்துவதுதான். அழுத்திய இடத்திலிருந்து கறுப்புச் சேறு குமிழியிட்டு வரும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது பிச்சாவரத்துக் காடுகள் தம் பின்னாலிருந்த குப்பங்களுக்கு அரணாய் நின்ற செய்தியை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு, இந்தச் சேற்றின் மதிப்பை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இத்தகைய கண்டல் வேர்களிலேதான் மேலே நகரத்தில் நாம் எறிந்த பிளாஸ்டிக் பைகளும் வந்து சிக்குகின்றன. கிள்ளான் ஆற்றில் 2019-இல் நெதர்லாந்து நாட்டு அமைப்பொன்றின் குப்பை வாரும் மிதவை நிறுத்தப்பட்டது; எனினும் கரையோரத்தில் கையால் பொறுக்க வேண்டியது எப்போதும் மிச்சமிருக்கிறது.

இவ்விடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். அநாதைக் குழந்தைகள் இல்லங்களுக்கு ஒருநாள் போய், குழந்தைகளைத் தூக்கி வைத்துப் படமெடுத்துக்கொண்டு, மிட்டாய் கொடுத்துவிட்டு மறுநாள் விமானம் ஏறுவதைத் தொண்டென்று கருதுவோர் உண்டு. வாரந்தோறும் புதுமுகங்களிடம் ஒட்டிக்கொண்டு வாரந்தோறும் பிரிவை அனுபவிக்கும் குழந்தையின் நெஞ்சம் என்னாகும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே அரிசியும் பாடநூலும் கொடுக்கலாம். சுவருக்குச் சாயம் பூசலாம். குழந்தையின் பாசத்தை ஒரு பிற்பகலுக்குக் கடன் வாங்கலாகாது. மேலும், சுற்றுலா அனுமதியில் வந்தவர் இங்கே வேலை செய்யச் சட்டம் இடந்தருவதில்லை. ஒருநாள் உதவிக்கு மேற்பட்ட சேவை செய்ய நினைப்பவர், தகுந்த அனுமதி எதுவென்று அமைப்பினரிடம் தெளிவாகக் கேட்டறிந்த பின்பே புறப்பட வேண்டும்.

2021 டிசம்பர் 18-ஆம் தேதியை ஷா ஆலம்வாசிகள் மறக்க மாட்டார்கள். முந்தைய நாள் பிடித்த மழை விடாமல் கொட்ட, கிள்ளான் ஆற்றையொட்டித் தாழ்வாக அமைந்த செக்‌ஷன் 25, தாமான் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் புகுந்து, கீழ்த்தளங்கள் மூழ்கி, குழந்தைகளோடும் முதியவர்களோடும் குடும்பங்கள் மாடிகளிலும் கூரைகளிலும் இரவைக் கழித்தன. எங்கெங்கிருந்தோ சொந்தப் படகுகளையும் துடுப்புத் தோணிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த சாதாரண மக்கள், முன்பின் அறியாதவர்களை வீடு வீடாக மீட்டார்கள். பெட்டாலிங் ஜெயாவின் சீக்கிய குருத்வாராவில் இரவும் பகலும் சோறு சமைத்துப் பொட்டலங்களாக அனுப்பினார்கள். யார் எந்த இனம், எந்த மதம் என்று கேட்க எவருக்கும் அவகாசமில்லை. அந்த மழையில் நாடெங்கும் மாண்டவர்கள் ஐம்பதுக்கு மேற்பட்டோர்.

நீர் வடிந்த பிறகு நானும் ஒரு மண்வெட்டியும் துடைப்பமுமாகப் போனேன். சேறு காய்வதற்குள் வழித்துத் தள்ள வேண்டும். காய்ந்துவிட்டால் சுவரோடு ஓடாக ஒட்டிக்கொள்ளும். நனைந்த மெத்தையைத் தூக்க நான்கு பேர் வேண்டும். என்னோடு வேலை செய்தவர்களில் பினாங்கிலிருந்து வந்த மாணவர்களும் இருந்தார்கள்; நாங்கள் சுத்தம் செய்த வீட்டில், அவ்வீட்டு அக்காள் தம் கல்யாணப் படங்களை ஆல்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, துணிக்கொடியில் வரிசையாகக் கவ்விமாட்டி உலர்த்திக்கொண்டிருந்தார். மாலையிட்ட மணமக்களின் முகங்கள் பாதி கரைந்திருந்தன.

கொரோனாத் தொற்றுக்காக மூடப்பட்டிருந்த எல்லைகள் திறந்த பின், தஞ்சாவூரிலிருந்து வந்த என் மைத்துனரைப் பள்ளிவாசலைக் காட்டிவிட்டு, நேரே அந்த வீட்டுக்கு அழைத்துச் சென்றேன். சுவர்களுக்கெல்லாம் புதிதாகச் சாயம் பூசியிருந்தார்கள். கூடத்துச் சுவரில் மட்டும் ஓரிடத்தைப் பூசாமல் விட்டிருந்தார்கள். அங்கே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு.

“இதுவரைக்கும் வந்துச்சு, அண்ணே. பிள்ளைங்க பார்க்கட்டும்னு அப்படியே விட்டாச்சு” என்றார் அக்காள்.

மைத்துனர் எழுந்து போய், சுவரோடு ஒட்டி நின்று கையை முழுவதுமாக உயர்த்தினார். விரல் நுனிக்கு மேலே இன்னும் ஒரு சாண் இருந்தது. கையை இறக்காமலே சற்று நேரம் நின்றார்.

“உட்காருங்க அண்ணே, தேத்தண்ணி ஆறிடும்” என்று அக்காள் சொன்ன பிறகுதான் திரும்பி வந்தார்.