திரை கறுத்தால் போர்டு போய்விட்டதா?
லினக்ஸ் போட்ட மடிக்கணினிகளில் டிரைவர் தகராறு

சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்திலும், மூணாறு, பீர்மேடு தோட்டங்களிலும் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் வீடுகள் சிலவற்றில் மடிக்கணினி வந்துவிட்டது. கேரளப் பள்ளிகளில் ஐ.டி. பாடம் விலையில்லாத லினக்ஸில்தான் கற்பிக்கப்படுகிறது. 2001-ல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்று தொடங்கிய திட்டம் 2017-ல் 'கைட்' என்ற அரசு நிறுவனமாயிற்று. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு அந்நிறுவனம் தயாரிப்பதே பள்ளிகளில் ஓடும் லினக்ஸ். பத்தாம் வகுப்பு ஐ.டி. தேர்வும் கணினியில்தான். பிள்ளை வீட்டிலும் அதையே போட்டுப் பழக விரும்புவது இயல்பே.

போட்டு முடித்து, மறுபடி திறந்தால் திரை கறுப்பு! சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய பெட்டி. கடைக்காரர் "போர்டு போய்விட்டது" என்று சொல்லிவிட்டால் தகப்பனார் கதி என்ன? பணத்தை எண்ணி வைப்பதற்கு முன் பத்து நிமிடம் செலவிட்டுப் பார்ப்பது நல்லது.

இத்தகைய மடிக்கணினிகளில் படம் காட்டும் சிப்பு இரண்டு உண்டு. ஒன்று இன்டெல் அல்லது ஏ.எம்.டி. பிராசசருக்குள்ளேயே இருப்பது; அன்றாட வேலைக்கு அது போதும். மற்றது என்விடியா. மலையேற்றத்துக்கு மட்டும் ரயிலுக்குப் பின்னால் இன்னொரு எஞ்சின் சேர்ப்பார்களே, அதுபோலப் பெரிய வேலைக்கு மட்டும் இது. என்விடியா இந்த ஏற்பாட்டை 2010-ல் 'ஆப்டிமஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தது. ஆனால் சிப்பின் உள்விவரங்களை லினக்ஸ்காரர்களுக்குத் தரவில்லை. அவர்களாகவே ஆராய்ந்து எழுதிய 'நூவோ' என்ற டிரைவர் சில பெட்டிகளில் திணறிப் படுத்துவிடுகிறது. லினக்ஸின் தந்தை லினஸ் டோர்வால்ட்ஸ் 2012-ல் பின்லாந்தில் மேடையிலேயே அந்தக் கம்பெனியைக் கெட்ட வார்த்தையால் ஏசினார். 2022 மே மாதத்தில்தான் டிரைவரின் ஒரு பகுதியைக் கம்பெனி திறந்து காட்டியது.

சோதனை எளிது. பெட்டியைப் போட்டதும் கம்பெனி முத்திரை தெரிகிறதா? தெரிந்தால் திரை பெரும்பாலும் நலம். உடனே எஸ்கேப் விசையைத் தட்டினால் 'க்ரப்' பட்டியல் வரும். அதில் 'இ' எழுத்தை அழுத்தி, 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடம் விட்டு 'நோமோட்செட்' என்று ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக அடித்து, எஃப் 10 அழுத்த வேண்டும். திரை வந்துவிட்டால் போர்டு மேல் குற்றமில்லை, டிரைவர் மேல்தான். இந்த மாற்றம் அந்த ஒரு தடவைக்கு மட்டுமே செல்லும்.

பிறகு கைப்பேசியை யு.எஸ்.பி. வயரால் இணைத்து இன்டர்நெட் கொடுத்து, 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதியில் 'ரெக்கமண்டட்' என்று குறித்திருக்கும் என்விடியா டிரைவரைப் போடலாம்.

பலர் கோட்டைவிடுவது இதற்கடுத்த இடத்தில்தான். 'செக்யூர் பூட்' உள்ள பெட்டியானால், போடும்போதே ஒரு பாஸ்வேர்டு கேட்கும். மறுபடி திறக்கையில் நீலத்திரை வரும். ஏதோ பிழை என்று பயந்து 'கன்டின்யூ' கொடுத்துவிடுகிறார்கள். டிரைவர் ஏறாமலே நின்றுவிடுகிறது. 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்து, அதே பாஸ்வேர்டைத் தர வேண்டும். எனவே அதைத் துண்டுச் சீட்டில் குறித்து வைப்பது உத்தமம்.

எந்தச் சிப்பு ஓட வேண்டும் என்பதை 'பிரைம் செலக்ட்' என்ற கட்டளையால் மாற்றலாம். 'இன்டெல்' வைத்தால் சூடு குறையும், பேட்டரி நீடிக்கும். ஆனால் பல மாடல்களில் எச்.டி.எம்.ஐ. துவாரம் என்விடியா சிப்போடு இணைந்திருப்பதால், வெளி டி.வி.யிலோ புரொஜக்டரிலோ படம் வராது. அப்போது 'ஆன் டிமாண்ட்' என்று மாற்றி, பெட்டியை ஒருமுறை அணைத்துத் திறந்தால் பெரும்பாலும் படம் வந்துவிடும்.