சொந்த ஊரில் வாசிக்க முடியாத இசைக்குழு

மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவில் வயலின்காரர்கள் இரண்டிரண்டு பேராக உட்காருவார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே ஸ்டாண்டு, ஒரே இசைக்குறிப்பு. பக்கத்தைப் புரட்டுவது உள்பக்கம் இருப்பவரின் வேலை. அந்த நொடியில் அவர் வாசிப்பதை நிறுத்துவார். பக்கத்தில் இருப்பவர் விடாமல் வாசித்துக்கொண்டிருப்பார். வில்லை மேலே இழுப்பதா, கீழே இழுப்பதா என்று பென்சிலால் குறிப்பதும் அதே தாளில்தான். வெஸ்ட்-ஈஸ்டர்ன் திவான் இசைக்குழுவில் அப்படி ஜோடியாக உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் இஸ்ரேலியராகவும் மற்றவர் அரபியராகவும் இருப்பது சகஜம்.

கவிஞர் கதேயின் 250ஆவது பிறந்தநாள் ஆண்டான 1999இல், அவர் வாழ்ந்த ஜெர்மனியின் வைமர் நகரில் ஒரு கோடைக்காலப் பட்டறையாகத் தொடங்கியது இது. தொடங்கியவர்கள் இருவர். அர்ஜென்டினாவில் பிறந்து இஸ்ரேலில் வளர்ந்த பியானோ கலைஞரும் இசை நடத்துநருமான டேனியல் பாரன்பாய்ம் ஒருவர். ஜெருசலேமில் பிறந்த பாலஸ்தீனரான எட்வர்ட் சயித் இன்னொருவர்; 'ஓரியண்டலிசம்' நூலை எழுதிய அதே சயித்தான். பாரசீகக் கவி ஹாஃபிஸின் பாதிப்பில் கதே எழுதிய கவிதைத் தொகுப்பின் பெயரையே குழுவுக்கும் வைத்தார்கள். இஸ்ரேல், பாலஸ்தீனம், சிரியா, லெபனான், எகிப்து, ஜோர்டான் என்று பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்தார்கள். 2002 முதல் ஸ்பெயினின் செவில் நகரம் இடம் கொடுத்தது.

பயிற்சி எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம். கச்சேரிதான் சிக்கல். சிரியர்களும் லெபனானியர்களும் இஸ்ரேலுக்குள் போக முடியாது. இஸ்ரேலியர்கள் அந்த நாடுகளுக்குப் போக முடியாது. 2005 ஆகஸ்டில் பாலஸ்தீன நகரமான ரமல்லாவில் வாசிப்பதற்காக, உறுப்பினர்களுக்கு ஸ்பெயின் அரசு தூதரகப் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டியிருந்தது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி ஒன்றைக் கேட்க இவ்வளவு அரசாங்க ஏற்பாடு! சயித் அதைப் பார்க்கவில்லை, 2003லேயே காலமாகிவிட்டார்.

போர் வந்தால் குழுவும் ஆட்டம் காணும். 2006 லெபனான் போரின்போது அரபு உறுப்பினர்கள் சிலர் வரவில்லை. 2009 ஜனவரியில் காசா போர் நடக்கையில் தோஹா, கெய்ரோ கச்சேரிகள் ரத்தாகின. இஸ்ரேலிய ஆக்கிரமிப்பை இயல்பான ஒன்றாகக் காட்டுகிறது என்று இந்தக் குழுவைப் புறக்கணிக்கச் சொல்லும் பாலஸ்தீன அமைப்புகளும் உண்டு. அந்த விமர்சனத்தை எளிதில் தள்ளிவிட முடியாது: மேடையில் சமமாக உட்காரும் இருவர், ஊர் திரும்பியதும் சமமாக இருப்பதில்லை.

இசையால் சமாதானம் வரும் என்று பாரன்பாய்மும் சொன்னதில்லை. அடுத்தவரைப் பற்றிய அறியாமைக்கு எதிரான முயற்சி என்பதோடு நிறுத்திக்கொண்டார். பத்திரிகைகள்தான் 'அமைதி இசைக்குழு' என்று எழுதித் தீர்த்தன. பெர்லினில் பாரன்பாய்ம், சயித் இருவர் பெயரிலும் இப்போது ஒரு கல்லூரியே நடக்கிறது. மேற்கு ஆசியாவிலிருந்து வரும் மாணவர்கள் அங்கே வயலினோடு தத்துவமும் வரலாறும் படித்தாக வேண்டும்.