விதி சொல்லாத விளையாட்டுகள்

சதுரங்கமானாலும் கேரமானாலும் ஆடத் தொடங்குமுன் அதன் விதிகளைக் கற்றுக்கொள்கிறோம். குதிரை எவ்வாறு நகரும், சிவப்புக் காய்க்கு எத்தனை புள்ளி என்பதை அறியாமல் எவரும் ஆட இயலாது. இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கிய ஒருவகைப் புதிர் விளையாட்டுகள் இன்று கைப்பேசியிலும் கணினியிலும் ஆடப்படுகின்றன. இவற்றில் விதிகள் சொல்லப்படுவதே இல்லை. விதி என்னவென்று கண்டுபிடிப்பதுதான் விளையாட்டு.

பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த பார்ட் போன்டே உருவாக்கிய ‘யெல்லோ’ இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அதில் 50 நிலைகள் உள்ளன. ஒவ்வொரு நிலையிலும் நோக்கம் ஒன்றே: திரை முழுவதையும் மஞ்சளாக்க வேண்டும். எப்படி என்பதை விளையாட்டு சொல்லாது. திரையில் சில கோடுகளோ வட்டங்களோ இருக்கும். தொட்டுப் பார்க்கலாம், இழுத்துப் பார்க்கலாம். ஒரு நிலையில் பயன்பட்ட உத்தி அடுத்த நிலையில் பயன்படாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தர்க்கம் உண்டு.

இதே கருத்தை மிக விரிவாகக் கையாண்ட படைப்பு, அமெரிக்கரான ஜொனாதன் புளோ 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘தி விட்னஸ்’. ஆளரவமற்ற ஒரு தீவு. அதில் ஆங்காங்கே 500க்கும் மேற்பட்ட புதிர்கள். பெரும்பாலான புதிர்கள் பலகைகளில் அமைந்தவை. வட்டத்தில் தொடங்கிப் பலகையின் ஓரத்தில் உள்ள முடிவிடம் வரை ஒரு கோடு இழுக்க வேண்டும். முதல் பலகையில் நேர்க்கோடு மட்டுமே. ஆகவே தவறு செய்யவே வழியில்லை. சற்று நேரத்தில் கறுப்பு, வெள்ளைச் சதுரங்கள் தோன்றுகின்றன. அவை எதற்கு என்று ஒரு சொல்லும் எழுதப்பட்டிருக்காது.

சொல்லே இல்லாமல் விதியைக் கற்பிப்பது எப்படி? புதிர்களை அடுக்கும் வரிசையில்தான் அந்தக் கலை இருக்கிறது. சதுரங்கள் சிலவே இருக்கும்போது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே கோடு சென்றால் போதும் என்று ஆடுபவர் எண்ணக்கூடும். சதுரங்கள் பெருகும்போது அந்த எண்ணம் போதாமற் போகிறது. கோடு பலகையைப் பகுதிகளாகப் பிரிக்கிறது என்பதும், ஒரே பகுதிக்குள் இரு நிறங்களும் கலந்திருக்கக் கூடாது என்பதும் அப்போது புலப்படும். ஆடுபவரின் அரைகுறை ஊகத்தை உடைப்பதற்கென்றே அடுத்த பலகை அமைக்கப்பட்டுள்ளது. உடைந்த ஊகமே ஆசிரியராகிறது.

இந்த எண்ணம் கணினிக்கும் முந்தையது. 1956இல் ராபர்ட் அபட் என்னும் அமெரிக்கர் ‘எலூசிஸ்’ என்ற சீட்டாட்டத்தை வகுத்தார். சீட்டுப் போடுபவர் ஒரு விதியை மனத்துக்குள் வைத்துக்கொள்வார். மற்றவர்கள் ஒவ்வொரு சீட்டாக வைக்க, அது விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்பதை மட்டும் அவர் சொல்வார். அந்த விடைகளைக் கொண்டே மறைந்திருக்கும் விதியை ஊகிக்க வேண்டும்.

மனிதர் இவ்வகை ஊகத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை 1960இல் பீட்டர் வேசன் என்னும் ஆங்கிலேய உளவியலாளர் ஒரு சோதனையால் காட்டினார். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்குப் பொருந்துகின்றன. வேறு எண்களைச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்றனர், பொருந்தும் என்றார். 20, 22, 24 என்றனர். அதுவும் பொருந்தும் என்றார். ‘இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்’ என்று அவர்கள் உறுதியாக அறிவித்தனர். அது தவறு. ‘ஏறுவரிசையில் அமைந்த எண்கள்’ என்பதே விதி. 1, 2, 3 என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும். அவர்களுடைய ஊகம் அங்கேயே உடைந்திருக்கும். தம் ஊகத்துக்குச் சாதகமான வினாவையே மீண்டும் மீண்டும் கேட்பது மனித இயல்பு.

விதி சொல்லாத விளையாட்டுகளின் உண்மையான பயன் இங்கேதான் உள்ளது. அவற்றில் தவறுக்கு விலையில்லை. கோடு பொருந்தாவிட்டால் அது மறைந்துவிடும், மறுபடியும் இழுக்கலாம். ஆகவே ‘என் எண்ணம் தவறென்றால் அது எப்படித் தெரியவரும்?’ என்று கேட்கும் பழக்கம் ஆடுபவருக்கு மெல்ல உண்டாகலாம்.

அந்தக் கேள்வி விளையாட்டுக்கு வெளியிலும் தேவைப்படுகிறது. வங்கிப் பணியில் உள்ள நாங்கள் இதை அடிக்கடி உணர்கிறோம். இணையவழி முதலீடு என்று சொல்லி அணுகும் மோசடியாளர்கள் தொடக்கத்தில் சிறு தொகையை வாங்கி, லாபத்துடன் திருப்பித் தருவதுண்டு. வாடிக்கையாளரும் எச்சரிக்கையானவர்தான்; ஆயிரம் ரூபாய் போட்டுச் சோதித்துப் பார்க்கிறார். பணம் வருகிறது. ஐயாயிரம் போடுகிறார், அதுவும் வருகிறது. ‘இருமுறை சோதித்துவிட்டேன்’ என்ற நம்பிக்கையில் சேமிப்பு முழுவதையும் அனுப்புகிறார். அது திரும்புவதில்லை.

அவர் சோதிக்கத் தவறவில்லை. சோதித்த முறைதான் 8, 10, 12 என்பது போன்றது. சிறு தொகையை நேர்மையானவரும் திருப்பித் தருவார், மோசடியாளரும் திருப்பித் தருவார். இருவரும் தேறக்கூடிய தேர்வு எதையும் மெய்ப்பிக்காது. மோசடியாளர் தேற முடியாத தேர்வு எது என்று கேட்க வேண்டும். அந்த நிறுவனம் செபியிடம் பதிவு பெற்றதா என்று செபியின் இணையதளத்திலேயே பார்ப்பது அத்தகைய தேர்வு. பதிவு எண்ணைக் காட்டினால், அது அணுகியவருக்கு உரியதுதானா என்று அந்த நிறுவனத்தின் அலுவலகத்தை நாமே தொடர்புகொண்டு கேட்பது மற்றொன்று. பணம் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

விதி தெரியாமல் ஆடுவது புதிரில் இன்பம். பணத்தில் அது இழப்புக்கு வழி. வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய புதிரொன்றை ஆடிக்கொண்டிருந்தால், விடையைச் சொல்லித் தராமல், ‘நீ நினைத்தது தவறு என்று காட்ட எதைச் செய்து பார்ப்பாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் பின்னாளில் ஒரு விண்ணப்பத்தில் கையொப்பமிடும்போதும் அந்தக் கேள்வி அவர்களுக்கு உதவும்.