கத்தரிக்கோல் வரைந்த பூக்கள், நிழல் எழுதிய படங்கள்

1772-ம் வருடம். இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷையரில், புல்ஸ்ட்ரோட் என்ற மாளிகையில் தோழி வீட்டு விருந்தாளியாகத் தங்கியிருந்தார் மேரி டெலானி. வயது 72. கணவர் இறந்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. மேஜை மேல் கிடந்த சிவப்புக் காகிதத் துண்டும், பக்கத்தில் இருந்த ஜெரேனியம் பூவின் இதழும் ஒரே நிறமாக இருப்பது அவர் கண்ணில் பட்டது. கத்தரிக்கோலை எடுத்தார். இதழ் இதழாகக் காகிதத்தை வெட்டி அடுக்கினார். அறைக்குள் வந்த தோழி, நிஜப் பூவைத்தான் பிய்த்துப் போட்டிருக்கிறார் என்று நினைத்துவிட்டாராம்.

அடுத்த பத்து வருடங்களில் அந்தக் கத்தரிக்கோல் 985 செடிகளைப் பூக்கவைத்தது. அத்தனையும் இன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன.

17 வயதில், ஏறக்குறைய 60 வயதுக்காரருக்குக் கட்டிவைக்கப்பட்டவர் டெலானி. விருப்பமில்லாத அந்த வாழ்க்கை சில வருடங்களில் முடிந்து, இளம் விதவையாகப் பல காலம் தனித்து வாழ்ந்தார். 43 வயதில்தான் மனதுக்குப் பிடித்த இரண்டாவது திருமணம். அந்தத் துணையும் போன பிறகு, 'இனி என்ன இருக்கிறது' என்று ஒதுங்கிவிடும் வயதில்தான் அவருடைய பெரிய வேலையே ஆரம்பமானது. பார்வை மங்கி, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல்போன 1782 வரை அவர் நிறுத்தவில்லை.

அவருடைய படங்களைப் பார்க்கிறவர்கள் முதலில் 'பெயின்டிங்' என்றுதான் நினைப்பார்கள். கிட்டே போனால்தான் எல்லாம் காகிதம் என்று புரியும். ஓர் இலையின் வெளிச்சமான பக்கத்துக்கு ஒரு பச்சை, நிழல் பக்கத்துக்கு வேறு பச்சை, நரம்புக்கு மயிரிழை போன்ற இன்னொரு துண்டு. எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கிறார். பேஷன்ஃப்ளவர் இனத்துப் பூ ஒன்றில் மட்டும் 230 துண்டுகள் இருக்கின்றன. பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளாமல், செடியை எதிரே வைத்துப் பார்த்துப் பார்த்தே வெட்டுவாராம்.

பின்னணி எப்போதும் கறுப்பு. தோட்டமோ, வானமோ, பூச்சாடியோ எதுவும் கிடையாது. அந்தக் கறுப்புதான் அவர் படங்களின் ரகசியம். சுற்றிலும் வேறெதுவும் இல்லாதபோது, ஒரு தண்டு எந்தப் பக்கம் வளைகிறது, இரண்டு இலைகளுக்கு நடுவே எவ்வளவு இடம் விட்டிருக்கிறது என்பதெல்லாம் கண்ணில் அறைகிற மாதிரி தெரியும். கோலம் போடுகிறவர்களுக்கு இது புதிதல்ல. இழை எவ்வளவு அழகோ, இழைக்கு நடுவே விடுகிற வெற்றிடமும் அவ்வளவு அழகு.

வண்ணக் காகிதத்தை வெட்டி ஒட்டுவதைப் பள்ளிக்கூடக் கைவேலையாக மட்டும் நினைக்கிறவர்கள், இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பென்சிலால் வரைகிறபோது தப்பாகப் போன கோட்டை அழிக்கலாம். கத்தரிக்கோலில் அந்த வசதி இல்லை. ஆனால், வேறொரு வசதி இருக்கிறது. வெட்டிய துண்டை நகர்த்தலாம். மேலே, கீழே, தலைகீழாக, இன்னொன்றின் மேல் பாதி மறைகிற மாதிரி... பசை தடவும் வரை எதுவும் முடிவல்ல.

இந்த வசதியைக் கடைசிச் சொட்டு வரை பயன்படுத்தியவர் பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ். 1941-ல் பெரிய அறுவை சிகிச்சை நடந்து, நெடுநேரம் நின்று வரைய முடியாத நிலைக்கு வந்துவிட்டார். உதவியாளர்கள் வண்ணம் பூசிக் கொடுத்த காகிதங்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே வெட்டினார். வெட்டியவற்றை உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்துவார்கள். அவர் பார்ப்பார், நகர்த்தச் சொல்வார், மறுபடி பார்ப்பார். அவருடைய பல காகிதப் படங்களில் அந்தக் குண்டூசித் துளைகள் இன்றைக்கும் தெரிகின்றன. மூளை எத்தனை முறை இடம் மாறி யோசித்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி ஏது?

சூரியன் அச்சடித்த புத்தகம்

கத்தரிக்கோலும் வேண்டாம், பொருளின் நிழலே போதும் என்று ஒரு வழி 19-ம் நூற்றாண்டில் பிறந்தது. பழைய வீட்டு வரைபடங்களில் நீலத்தில் வெள்ளைக் கோடுகள் ஓடுமே, அந்த 'புளூபிரின்ட்' முறைதான் அது. 1842-ல் இதைக் கண்டுபிடித்தவர் விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். இரும்பு உப்புக் கரைசலைத் தாளில் பூசி, இருட்டில் காயவைத்து, மேலே ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் கழுவிய பிறகு ஆழ்ந்த நீலமாக நிற்கும். பொருள் மறைத்த இடம் வெள்ளை. கேமரா தேவையே இல்லை.

ஹெர்ஷலின் குடும்ப நண்பரின் மகள் அன்னா அட்கின்ஸ். கடற்பாசிகளைச் சேகரித்துவந்தவர். நுணுக்கமான பாசிகளைக் கையால் வரைவது எவ்வளவு கஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். காயவைத்த பாசியைத் தாளில் பரப்பி, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் வைத்தார். 1843-ல் இப்படி அவர் வெளியிடத் தொடங்கிய பிரிட்டிஷ் கடற்பாசிகள் பற்றிய புத்தகம்தான், புகைப்படங்களோடு வந்த உலகின் முதல் புத்தகம் என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். அது முடிய பத்து வருடங்கள் ஆயின. சுமார் 400 பக்கங்கள். ஒவ்வொரு பிரதியின் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். இங்கிலாந்து வெயிலில்!

கடற்பாசி இலக்கணம் சொல்வதற்காகச் செய்த வேலைதான். ஆனால், பாசியின் இழைகளைத் தாளில் எப்படிப் பிரித்துவிடுவது, எந்த மூலையைக் காலியாக விடுவது என்று அவர் எடுத்த முடிவுகள் ஒவ்வொரு பக்கத்தையும் ஓவியமாக்கிவிட்டன. தலைப்பு எழுத்துகள்கூடக் கடற்பாசி இழைகளைப் போலவே நெளிகின்றன.

முன்னுரையில் அவர் போட்டது 'ஏ.ஏ.' என்ற இரண்டே எழுத்துகள். அந்த நூற்றாண்டின் கடைசியில் இந்தப் புத்தகத்தைக் கையில் எடுத்த ஒரு சேகரிப்பாளர், யாரோ 'அனானிமஸ் அமெச்சூர்', அதாவது பெயர் சொல்ல விரும்பாத கற்றுக்குட்டி என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டார். பிறகுதான் அன்னாவின் பெயர் வெளியே வந்தது.

சிவப்பு விளக்கின் கீழே

இதே விளையாட்டு 20-ம் நூற்றாண்டில் இருட்டறைக்குள் போனது. அங்கே இருப்பது வெள்ளி உப்பு பூசிய போட்டோ தாள். சிவப்பு வெளிச்சம் அதை ஒன்றும் செய்யாது. எனவே, மங்கலான சிவப்பு விளக்கில் தாளை விரித்து, அதன் மேல் பொருட்களை அடுக்கி, சில விநாடிகள் மட்டும் வெள்ளை வெளிச்சம் காட்ட வேண்டும். பிறகு தாளை டெவலப்பர் திரவத்தில் நனைத்தால், வெறும் வெள்ளைத் தாளில் உருவம் மெதுவாக எழுந்துவரும். அது மேலும் கறுக்காமல் ஃபிக்ஸரில் போட்டுக் கழுவி உலர்த்தினால் 'போட்டோகிராம்' தயார்.

வெளிச்சம் பட்ட இடம் கறுப்பு, நிழல் விழுந்த இடம் வெள்ளை. சாவி வைத்தால் வெள்ளைச் சாவி. இது எல்லோரும் எதிர்பார்ப்பது. கண்ணாடி டம்ளரை வைத்துப் பார்க்கும்போதுதான் ஆச்சரியம் ஆரம்பிக்கிறது. கண்ணாடி வெளிச்சத்தை வளைத்து, மறைத்து, ஓரிடத்தில் குவித்துப் பத்து விதமான சாம்பல் நிறங்களைத் தாளில் கொட்டும். தாளோடு ஒட்டிக்கிடக்கும் இலையின் விளிம்பு கத்தி போல விழும். அதையே ஓர் அங்குலம் தூக்கிப் பிடித்தால் விளிம்பு புகை மாதிரி கரையும். பாதி நேரத்தில் ஒரு பொருளை எடுத்துவிட்டால், அது இருந்த இடம் கறுப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஆவி போல நிற்கும்.

காகிதக் கொலாஜுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. கொலாஜில் பார்த்துப் பார்த்து நகர்த்தலாம். இங்கே அடுக்குவது சிவப்பு இருட்டில். வரப்போகும் படம் கண்ணில் தெரியாது. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறினால் எப்படி இருக்கும் என்று மனசுக்குள் திருப்பிப் போட்டுப் பார்க்க வேண்டும். நெகட்டிவும் கிடையாது. இரண்டாவது பிரதி வேண்டுமென்றால் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். அதுவும் முதலாவது போல இருக்காது.

இருட்டறை இல்லாதவர்களும் இதன் ருசியை அறியலாம். வெயிலில் சாயம் வெளுக்கும் மலிவான வண்ணத் தாள் ஒன்று போதும். மேலே வேப்பிலைக் கொத்து, வளையல், சீப்பு என்று கைக்குக் கிடைத்ததை அடுக்கி, நல்ல வெயிலில் சில மணி நேரம் வைத்து எடுத்தால், பொருட்கள் மறைத்த இடத்தில் மட்டும் பழைய நிறம் அப்படியே இருக்கும். குழந்தைகள் முதல் தாளில் இருக்கிற எல்லாப் பொருளையும் நெருக்கி அடுக்குவார்கள். மூன்றாவது தாளுக்குள் தானாகவே குறைக்க ஆரம்பித்துவிடுவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

லூசியாவின் இருட்டறை

போட்டோகிராம் என்றதும் கலை வரலாற்றில் வருகிற பெயர்கள் மூன்று. ஸ்விட்சர்லாந்தில் 1919-ல் குப்பைக் காகிதங்களையும் துணித் துண்டுகளையும் வைத்துச் செய்துபார்த்த கிறிஸ்டியன் ஷாட், பாரிஸில் மேன் ரே, ஜெர்மனியில் லாஸ்லோ மொஹொலி-நாகி. மூன்றாவது பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயர் இருக்கிறது. லூசியா மொஹொலி.

பிராகில் பிறந்த லூசியா, பதிப்பகங்களில் எடிட்டராக வேலை பார்த்தவர். 1921-ல் ஹங்கேரியரான லாஸ்லோவைத் திருமணம் செய்துகொண்டார். 1922 கோடையில் ஜெர்மனியின் ரோன் மலைப்பகுதியில் தங்கியிருந்தபோது நடைப்பயிற்சியில் பேசிப் பேசித்தான் போட்டோகிராம் யோசனை இருவருக்கும் உருவானது என்று, பின்னாளில் லூசியா எழுதினார். முதல் படங்களைப் பகல் வெளிச்சத்திலேயே கறுக்கும் தாளில் செய்தார்கள். லாஸ்லோவுக்கு ஜெர்மன் மொழியில் எழுதுவது சிரமம். கருத்துகளை ஒழுங்குபடுத்திக் கட்டுரையாக்கியதில் லூசியாவின் கை இருந்தது. கட்டுரைக்குக் கீழே இருந்தது அவர் பெயர் மட்டும்.

1923-ல் லாஸ்லோ, புகழ்பெற்ற பவ்ஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியரானார். வடிவத்தைப் பற்றி அந்தப் பள்ளி எப்படி யோசித்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். அங்கே ஜோசப் ஆல்பர்ஸ் என்ற ஆசிரியர், செய்தித்தாள் கட்டைக் கொடுத்து, 'துளியும் வீணாக்காமல் இதில் ஏதாவது செய்யுங்கள்' என்பார். மாணவர்கள் கப்பல், கோட்டை, விமானம் எல்லாம் செய்துவைத்தார்கள். ஒரு மாணவர் மட்டும் தாளை நீளவாக்கில் மடித்து நிற்கவைத்திருந்தார். ஆல்பர்ஸ் பாராட்டியது அதைத்தான். படுத்தே கிடக்கும் காகிதத்தை நிற்கவைத்தது அவர் ஒருவர்தானே!

லூசியாவோ ஸ்டூடியோ ஒன்றில் தொழில் பழகி, லைப்சிக் நகரில் புகைப்படக்கலை படித்தார். டெஸ்ஸாவ் நகரில் அவர்கள் குடியிருந்த வீட்டிலேயே இருட்டறை இருந்தது. முறையாக இருட்டறை வேலை தெரிந்தவர் லூசியாதான். விரிந்த கையும் தூரிகையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கும் 1926-ம் வருடப் போட்டோகிராம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் லாஸ்லோவின் பெயரில் இருக்கிறது. அது போன்ற படங்களில் எந்த அளவு யாருடையது என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. இருவரும் அவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து வேலை செய்ததை அந்த நாளில் தாங்களே வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை என்றும் லூசியா எழுதியிருக்கிறார்.

பவ்ஹவுஸ் கட்டடங்களையும் அங்கே செய்த நாற்காலி, விளக்கு, தேநீர்க் கெண்டிகளையும் கேமராவில் எடுத்து உலகுக்குக் காட்டியவரும் அவரே. 1929-ல் தம்பதி பிரிந்தார்கள். 1933-ல், லூசியாவோடு வாழ்ந்துவந்த கம்யூனிஸ்ட் தலைவரை நாஜிக்கள் அவர் வீட்டிலேயே கைது செய்தார்கள். யூதக் குடும்பத்தில் பிறந்த லூசியா, எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாட்டைவிட்டு ஓடினார். விட்டுப்போனவற்றில் சுமார் 560 கண்ணாடி நெகட்டிவ்களும் இருந்தன. அவை லாஸ்லோவிடம் போய், அங்கிருந்து பவ்ஹவுஸை நிறுவிய கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸிடம் போய், அவரோடு அமெரிக்காவும் போய்ச் சேர்ந்தன.

1938-ல் நியூயார்க்கில் பவ்ஹவுஸ் பற்றி ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. அதிலும் அதன் புத்தகத்திலும் லூசியா எடுத்த படங்கள் நிறைய இடம்பெற்றன, அவர் பெயரில்லாமல். அதே சமயத்தில் லண்டனில் அகதியாக இருந்த லூசியா, புகைப்படக்கலையின் நூறு வருட வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். 1939-ல் பெங்குவின் வெளியிட்ட அந்தச் சின்னப் புத்தகம் 40,000 பிரதிகள் விற்றது. சொந்த நெகட்டிவ்கள் எங்கே இருக்கின்றன என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

தெரியவந்த பிறகு கேட்டார். உடனே கிடைக்கவில்லை. வக்கீல் வைத்துப் போராடி, 1957-ல் 230 நெகட்டிவ்களைத் திரும்பப் பெற்றார். 1972-ல், 78 வயதில், மொஹொலி-நாகியைப் பற்றிய சிறு புத்தகம் ஒன்றை எழுதி, அந்த 1922 கோடையில் நடந்ததைத் தன் பங்குக்குப் பதிவுசெய்தார். 1989-ல் ஜூரிக் அருகே இறந்தபோது அவருக்கு வயது 95. மிச்சமிருந்த சுமார் 330 கண்ணாடி நெகட்டிவ்கள் அவர் கைக்கு வந்து சேரவேயில்லை.