ஆற்று மீன்பிடியும் வழித்துணையும்

மாரியில் ஓடிக் கோடையில் வறண்டு கிடக்கும் வழுக்கியாறு ஒன்றே யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறெனச் சொல்லத்தக்கது. ஆதலின் கடல்மீன் பிடிப்பதில் வல்ல நம்மவர்க்கும் ஆற்றுத் தூண்டில் புதியதே. அயல்நாடு சென்று அதற்கென ஒரு வழிகாட்டியை அமர்த்துவோர் அவரிடம் எதனை எதிர்பார்க்கலாம்? காவிரிக்கரையின் கதை இதற்கு விடை கூறும்.

கன்னட நாட்டுக் காவிரியில், பீமேசுவரி முதலிய இடங்களுக்கு, மாசீர் என்னும் பெருங்கெண்டையைத் தேடிப் பல நாட்டாரும் வந்தனர். அதன் துணையாறாகிய கபினியில் 1946 இல் பிடிபட்ட மாசீர் ஒன்றின் நிறை 120 இறாத்தல். வழிகாட்டி பரிசலில் அழைத்துச் செல்வார். குரக்கன் மாவுருண்டையைத் தூண்டிலிற் கோப்பார். மடுவையும் சுழியையும் காட்டுவார். மீன் அகப்படுமென்று மட்டும் உறுதி கூறார். அகப்பட்டதையும் நிறுத்துப் பார்த்தபின் உயிருடன் ஆற்றில் விடச் செய்வார்.

இவர்களுட் சிலர் முன்னாளில் களவாக மீன் பிடித்தவர்கள். உயிருள்ள மீனே நாளும் கூலி தருவதைக் கண்டு ஆற்றின் காவலராயினர். 2010 ஐ அடுத்த ஆண்டுகளில் சரணாலயத்துள் தூண்டில் விளையாட்டு தடுக்கப்பட, அப்பிழைப்பும் போயிற்று. காவிரிக்கே உரிய, முதுகு உயர்ந்த மாசீரோ 2018 இல் அழிவின் விளிம்பிலுள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது.

ஆகவே, ஆற்றுக்குச் செல்வோர் முதலில் மூன்று கேள்விகளைக் கேட்டறிக: அவ்விடத்தில் மீன்பிடிக்க அனுமதி உண்டா? உயிர்காப்பு மிதவை உண்டா? பிடித்த மீனை விட்டுவிடுவது வழக்கமா? "எத்தனை மீன் கிடைக்கும்?" என்பது நான்காவதாக வரட்டும். நாம் கூலி கொடுப்பது அவருடைய ஆற்றறிவுக்கே.